எதுக்கு ஓசூர்?

ஓசூருக்குக் குடிவந்த நாளிலிருந்து எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். கிணற்றடியில் கேட்டார்கள். கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்கள். கீரை விற்கிறவள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். ஓசூரை விட்டுப் பெங்களூருக்குப் போனவர்களை அவர்களுக்குத் தெரியும். பெங்களூரை விட்டு ஓசூருக்கு வந்தவர்களை யாரும் பார்த்ததில்லை. தமிழில் கேட்டு நான் வாயைத் திறக்காவிட்டால் தெலுங்கில் கேட்டார்கள், அதற்கும் மசியாவிட்டால் கன்னடத்தில் கேட்டார்கள். எந்தப் பாஷையில் கேட்டாலும் உள்ளே இருந்தது ஒன்றுதான். அங்கே என்ன செய்துவிட்டு இங்கே ஓடிவந்தீர்கள்?

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறார்களே என்பதற்காக இல்லை. எனக்கே பதில் தெரியாது என்பதற்காக.

நான் அன்னமேரி. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் பெங்களூர் கண்டோன்மென்ட். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும்தான், ஆனால் வீட்டுக்குள்ளேயே குழாய். காலையில் குழாயைத் திருகினால் தண்ணீர், தெருமுனைக்குப் போனால் சூடாக பன், கூப்பிடு தூரத்தில் கோவில். என் வீட்டுக்காரர் பெயர் சூசை. ஒரு பெரிய பர்னிச்சர் கம்பெனியில் பாலிஷ் மேஸ்திரி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி நனைத்து, மேசையில் முகம் தெரிகிறவரை தேய்க்கிற வேலை. அவருடைய சட்டை, தலைமுடி, தலையணை எல்லாவற்றிலும் அந்த ஸ்பிரிட் வாசனை ஏறியிருக்கும். கல்யாணமான புதிதில் எனக்குத் தலை சுற்றியது. பிறகு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது.

மைசூர் ராஜ்யத்தில் மதுவிலக்கை எடுத்ததும் எங்கள் தெருப் பக்கமே சாராயக் கடை வந்தது. பக்கத்து வீட்டு அற்புதமேரி தினமும் சாயங்காலம் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, புருஷனை ஊதச் சொல்லி மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "எங்க வீட்டுக்காரரு ஸ்பிரிட்லயே குளிக்கிறாரு, ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல" என்று அவளிடம் பெருமையடிப்பேன். பொய்யில்லை, நம்பித்தான் சொன்னேன்.

அப்படிப்பட்ட மனுஷன் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஓசூருக்குப் போயிடலாம் அன்னம்" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"நல்ல காத்து. வாடகை கம்மி. காய்கறி தோட்டத்துலேருந்து நேரா வருது. புள்ள தமிழ்ல படிப்பா."

"காத்தைத் தின்ன முடியுமா? வேலை?"

"மரவாடி ஒண்ணு இருக்குது. கங்கப்பன்னு ஒருத்தர் நடத்தறாரு. மரம் அளக்க ஆள் வேணுமாம்."

பாலிஷ் மேஸ்திரி மரம் அளக்கப் போகிறாராம். நான் சாதத்தைப் போடுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். அப்புறம் கடைசியாக எடுத்துவைத்தார், என்னால் பதில் சொல்ல முடியாத ஒரு காரணத்தை. "இந்த டவுன்ல புள்ளைய வெச்சிக்கினு ரோட்ல போவ முடியுதா? அவ கையப் பாரு."

எங்கள் மகள் மேரிராணிக்கு ஒன்பது வயது. நவம்பரில் அவளை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வரும்போது ஜான்சன் மார்க்கெட் கிட்டே ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது என்று கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கை முறிந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் முழங்கைக்குக் கீழே லேசாக வளைந்தே நிற்கிறது. அந்த நாயை நான் திட்டாத நாள் கிடையாது.

கையைச் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வாயை மூடிக்கொண்டதற்கும் நம்பியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வீட்டை நான் விடவில்லை. என் தம்பி பாக்கியராஜை அதில் இருக்கச் சொன்னேன். அவனுக்கு ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம், அதற்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் எங்களில் கல்யாணம் வைப்பதில்லை. பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை எந்த வீட்டில் குடித்தனம் வைப்பான் என்று தெரிந்தாக வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின வாரம் குருத்து ஞாயிறு அன்று அவன் ஓசூருக்கு வருவான், நான் முடிவைச் சொல்ல வேண்டும் என்று பேச்சு. அவனுக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். உள்ளே குழாய் உள்ள அப்படி ஒரு வீடு, வீட்டுக்காரச் சாயபு பழைய பழக்கத்துக்காக ஏற்றாமல் விட்டிருந்த அந்த வாடகையில், எனக்கு ஜென்மத்தில் கிடைக்காது. அந்த வீடு என் கையில் இருக்கிறவரை எனக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது.

கிளம்புகிற அன்றே எனக்கு முதல் சந்தேகம் தட்டியது. அவருடைய அரக்கு டப்பா, பிரஷ்கள், பஞ்சு வைக்கிற தகரப் பெட்டி, ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கம்பெனிப் பையன்களுக்கே கொடுத்துவிட்டிருந்தார். கேட்டதற்கு, "அங்க மதுவிலக்கு, ஸ்பிரிட் கொண்டுபோனா புடிச்சிக்குவான்" என்றார். அது நிஜம்தான். எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் எங்கள் சாமான் லாரியை நிறுத்தி, அரிசி டின்னைத் திறந்து பார்த்து, மெத்தையைக்கூடக் குத்திப் பார்த்தார்கள். அந்தப் போலீஸ்காரனும் கேட்டான், "பெங்களூரை விட்டுட்டு இங்கயா? எதுக்கு?" ஸ்பிரிட் கூடாது, சரி. பஞ்சு வைக்கிற பெட்டி என்ன பாவம் செய்தது?

ஓசூரில் எங்களுக்கு வீடு கொடுத்தவள் முனிலட்சுமி. புருஷன் இல்லாதவள், எருமைகளை வைத்துப் பிழைக்கிறவள். எருமைகளிடம் தெலுங்கிலும் எங்களிடம் தமிழிலும் பேசுவாள், கோபம் வந்தால் மாற்றிப் பேசுவாள். ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். காற்று நல்ல காற்றுதான். மேரிராணிக்கு இருமல் நின்றது. கத்தரிக்காயைப் பறித்த ஈரத்தோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு மெழுகாக வெந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளை தெருவிலேயே விளையாடினாள், நான் வாசலில் காவல் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை நான்தான் இழுக்க வேண்டும். கையெல்லாம் காய்த்துப்போனது. பன்னுக்கு வழியில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நல்ல டாக்டருக்கு பஸ் ஏற வேண்டும், இருட்டினால் கொல்லைப்புறம் போகப் பாம்பு பயம். எல்லாவற்றுக்கும் மேலே, என் வீட்டில் என்ன குழம்பு என்று எனக்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், எதற்காகப் பொறுத்துக்கொள்கிறோம் என்று தெரிந்தால்.

முனிலட்சுமிதான் ஒரு நாள் பால் ஊற்றும்போது அதைச் சொன்னாள். "ஏம்மா, கங்கப்பன் உங்க வூட்டுக்காரரை பாலிஷ் வேலைக்கே கூப்பிட்டாராமே. மரவாடிலயே கட்டில், பீரோ செய்யறாங்க இல்ல. ஸ்பிரிட்டுக்கு பர்மிட் நானே வாங்கித் தரேன்னு சொன்னாராம். வேணாம்னுட்டாராமே?"

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது. கைல தொழில் வெச்சிகினு எவனாவது வேணான்னுவானா?"

எவனும் சொல்ல மாட்டான். அதுவும் இவர், ஒரு மேசையை முடித்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்று சந்தோஷப்படுகிற மனுஷன். தன் தொழிலையே ஒருவர் வேண்டாம் என்கிறார் என்றால் அவருக்கு இந்த ஊரில் வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. அன்று முதல் நான் அவரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்கப் பார்க்க இன்னொன்று கண்ணில் பட்டது. தினமும் சாயங்காலம் மரவாடியிலிருந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வருவார். அடுப்படியில் இருந்தாலும் சரி, துணி மடித்துக்கொண்டிருந்தாலும் சரி. முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து, "இன்னா அன்னம், இன்னா கொழம்பு?" என்பார். நான் பதில் சொன்னாலும் நகர மாட்டார். "புள்ள சாப்ட்டாளா? வெயில் ஜாஸ்தி இன்னிக்கு" என்று ஒன்றுமில்லாததை மூக்கின் அருகே நின்று பேசுவார். மரத்தூள் வாசனை அடிக்கும். அப்புறம்தான் கை கால் கழுவப் போவார்.

கல்யாணமான புதிதிலேயே இப்படிக் கொஞ்சாதவர். பெங்களூரில் வேலையிலிருந்து வந்தால் மூலையில் பாயைப் போட்டுப் படுப்பார், அசதி என்பார். நானும் பிள்ளையை அதட்டி அடக்குவேன், அப்பா தூங்கட்டும் என்று. இப்போது இந்த வயதில் எங்கிருந்து வந்தது இந்தக் கரிசனம்? புருஷன் திடீரென்று பிரியமாக இருந்தால் ஒரு பெண் சந்தோஷப்பட வேண்டும். நான் சந்தேகப்பட்டேன். வெளியே ஏதோ தப்பு செய்துவிட்டு வருகிறவன்தான் வீட்டில் குழைவான்.

"எனக்குக் கொழம்பு கரியுது, நகருங்க" என்று தள்ளிவிடுவேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். ஆனால் மறுநாளும் வந்து நிற்பார்.

மரவாடி மூடுகிற நேரத்துக்கும் அவர் வீட்டுக்கு வருகிற நேரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. மரவாடி இரண்டு தெரு தள்ளி. நடந்தால் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. இவர் இருட்டுகிற சமயத்துக்குத்தான் வருவார். ஒரு சாயங்காலம் மேரிராணியை முனிலட்சுமியிடம் விட்டுவிட்டு, கோவிலுக்குப் போகிறவளைப்போல முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவர் போனது பஸ் ஸ்டாண்டுக்கு. பெங்களூர் பஸ் நிற்கிற இடத்தில், ஒரு வெற்றிலைக் கடையின் ஓரமாக நின்றார். வெற்றிலை வாங்கவில்லை. யாரோடும் பேசவில்லை. பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஆட்கள் ஏறினார்கள். இவர் கண் பஸ்ஸை விட்டு நகரவில்லை. கண்டக்டர் விசில் ஊதி பஸ் திரும்பி மறைந்த பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். நான் வேறு சந்தில் ஓடி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் வந்து முகத்தருகே நின்று, "இன்னா கொழம்பு?" என்றார்.

நான் மறுபடியும் போனேன், அதற்கப்புறமும் போனேன். அதே இடம், அதே பஸ், அதே நிற்பு.

முனிலட்சுமியிடம் சாடையாக விசாரித்தேன், அந்த சாயங்கால பஸ்ஸில் யார் வருவார்கள் என்று. அவள் சிரித்தாள். "வர்றவங்களை யாரு பாக்கறா? போறவங்களைப் பாருங்க. பாதிப் பேரு அத்திப்பள்ளிக்குத்தான் டிக்கெட் எடுப்பாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் சாராயக் கடை, இந்தப் பக்கம் கெடையாது. நடுவுல ஒரு பஸ். வேற இன்னா வேணும் ஆம்பளைங்களுக்கு? குடிச்சிட்டு அடுத்த பஸ்ல பாட்டு பாடிகினே வந்துடுவாங்க."

அந்தக் கதை எனக்கு எதற்கு? இவர்தான் ஏறவே இல்லையே, என் கண்ணால் பார்த்தேனே. ஏறவில்லை என்றால் குடிக்கப் போகவில்லை. அப்படியானால் இறங்குகிற யாருக்காகவோ நிற்கிறார். வருகிறேன் என்று சொன்ன ஒருத்தி வரவில்லை. அவளுக்காகத்தான் ஓசூர், அவளுக்காகத்தான் மரவாடி. இந்த ஊரில் யாருக்கும் நம்மைத் தெரியாது என்பதற்காகத்தான் குடும்பத்தோடு பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். கணக்கு எனக்குச் சரியாக வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அழுதால் கேள்வி கேட்க முடியாது என்று அடக்கிக்கொண்டேன்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் மேரிராணி கிணற்றடிக்குப் போயிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"யாருங்க அவ?"

சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எவ?"

"பஸ்ல வர்றவ. தெனமும் நின்னு பாக்கறீங்களே, அவ."

"நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்தியா?" முகத்தில் ரத்தமே இல்லை. அதுவே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

"வந்தேன். பாத்தேன். சொல்லுங்க, யாரு?"

"அப்படியெல்லாம் யாரும் இல்ல அன்னம். சத்தியமா இல்ல."

"அப்ப எதுக்கு இந்த ஊரு? எதுக்கு உங்க தொழிலை வுட்டீங்க? கங்கப்பன் பாலிஷ் வேலை தரேன்னாராமே, எதுக்கு வேணான்னீங்க?"

அவர் குனிந்து மிச்சப் பொத்தான்களைப் போட்டார்.

"சொல்ல மாட்டீங்க. சரி, நான் சொல்றேன் கேளுங்க. நாளைக்கு பாக்கியராஜ் வர்றான். வீடு தர முடியாது, வேற எடம் பாத்துக்கடான்னு சொல்லப் போறேன். ஈஸ்டர் ஆனதும் நானும் புள்ளயும் பெங்களூர் போறோம். நீங்க வந்தா வாங்க, பழைய கம்பெனில கால்ல விழுந்தாவது பாலிஷ் வேலைய வாங்கிக்குங்க. வரலைன்னா இங்கயே பஸ்ஸைப் பாத்துக்கினு நில்லுங்க."

"அந்த வேலைக்குத் திரும்பப் போகச் சொல்லாத. கொஞ்ச நாள் பொறு."

"எதுக்குப் பொறுக்கணும்? காரணத்தைச் சொல்லுங்க, பொறுக்கறேன்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு மேரிராணி உள்ளே வந்தாள். அவர் பிள்ளையின் கையைப் பார்த்தார். அப்புறம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வழக்கமான நேரம் தாண்டியது. முனிலட்சுமி எருமைகளைக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிள்ளை சாப்பிட்டுவிட்டு முன்னறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டு நான் அடுப்படியிலேயே எழுந்து நின்றேன். இன்று முகத்தைக் கொண்டுவந்தால் என்ன சொல்லித் தள்ளுவது என்று தயாராக வைத்திருந்தேன்.

அவர் என்னிடம் வரவே இல்லை. சுவரோரமாகவே நடந்து, என்னைப் பார்க்காமல், நேராகக் கொல்லைப்புறம் போனார். தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு வாயைக் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

இத்தனை நாள் கிட்டே வருகிறாரே என்று சந்தேகப்பட்டவள், கிட்டே வரவில்லையே என்று எழுந்து போனேன். துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் நெருங்க நெருங்கப் பின்னால் நகர்ந்தார், சுவர் வந்துவிட்டது.

பழைய வாசனை அடித்தது. நான் பல வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கிய வாசனை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாலிஷ் வேலைக்கு ஒத்துக்கொண்டார், காலையில் நான் போட்ட சண்டைக்குப் பலன் இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் கையைப் பார்த்தேன். அரக்குப் படிந்தால் விரலெல்லாம் சிவந்து ஒட்டும். இவர் விரல்கள் சுத்தமாக இருந்தன. வாசனை சட்டையிலிருந்து வரவில்லை, வாயிலிருந்து வந்தது.

"அத்திப்பள்ளியா?" என்றேன்.

தலையாட்டினார்.

"இன்னிக்குத்தானா?"

"இந்த ஊருக்கு வந்த பிறகு இன்னிக்குத்தான். தெனமும் போயி நின்னேன். ஏறாம திரும்பி வந்தேன். இன்னிக்கு ஏறிட்டேன்."

"அப்ப பெங்களூர்ல?"

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கடை தொறந்ததுலேருந்து. வேலை முடிஞ்சதும் தெனமும்."

நான் சிரித்திருப்பேன், சிரிப்பு வரவில்லை. தினமும் குடித்த ஒரு மனுஷனுக்குப் பக்கத்தில் நான் தினமும் தூங்கியிருக்கிறேன். அற்புதமேரியிடம் பெருமையடித்திருக்கிறேன். மூலையில் பாயைப் போட்டுப் படுத்தவரை அசதி என்று நினைத்துப் பிள்ளையின் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

"எனக்கு எப்படிங்க தெரியாமப் போச்சு?"

"பாலிஷ் வாசனைல எல்லாம் மறைஞ்சு போயிடும் அன்னம். சட்டைல எவ்வளவு, வாயில எவ்வளவுன்னு யாரு பிரிச்சுப் பாக்க முடியும்? நான் பயந்துகினே வருவேன். நீ ஒண்ணும் கேக்க மாட்ட. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீ மோந்து பாத்து கேட்டிருந்தா..."

"என் தலைல போடாதீங்க!" என்று கத்தினேன். முன்னறையில் பாடம் படிக்கிற சத்தம் நின்றது. குரலைத் தாழ்த்தினேன். "குடிச்சது நீங்க. என் மூக்கு மேல பழி போடாதீங்க."

"போடல. எனக்குச் சொல்ல வாய் வரல. நீ என்னைப் பத்தி ஊரெல்லாம் அவ்வளவு பேசி வெச்சிருந்த. அதான் யோசிச்சேன். ஸ்பிரிட் இல்லாத ஒரு வேலை, கடை இல்லாத ஒரு ஊரு. அங்க போயிட்டா, நான் தப்பு பண்ணா அன்னிக்கே உனக்குத் தெரிஞ்சுடும். அதுக்குத்தான் தெனமும் கிட்ட வந்து நின்னேன். நீ பாக்கணும்னு."

நான் அவரைத் தள்ளிவிட்ட சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஆனால் அதற்காக இரக்கப்பட எனக்கு நேரமில்லை, வேறு ஒன்று மேலே எழும்பிவந்தது.

"ஜான்சன் மார்க்கெட்ல நாய் வந்துச்சா?"

அவர் முன்னறைப் பக்கம் பார்த்தார்.

"நாய் இல்ல," என்றார்.

பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் மேல் எறிந்தேன். தோளில் பட்டது. அவர் தடுக்கவில்லை, நகரவும் இல்லை. இல்லாத ஒரு நாயை நான் எத்தனை மாதம் சபித்திருக்கிறேன். வளைந்த கையோடு என் பிள்ளை சடை பின்ன முடியாமல் தவிக்கும்போதெல்லாம் நான் அந்த நாயைத் திட்டுவதை இவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு இவர்மேல் அப்போது இருந்த வெறுப்பை மறைக்க விரும்பவில்லை. அது முழுசான வெறுப்புதான்.

"கடை இல்லாத ஊருன்னு வந்தீங்களே, பஸ் இருக்கறது தெரியலையா?"

"பஸ்ஸை நான் யோசிக்கல," என்றார். குழந்தை சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் குருத்தோலை பிடித்துக்கொண்டு நானும் பிள்ளையும் பூசைக்குப் போனோம். அவரும் வந்தார், ஆண்கள் பக்கம் கடைசியில் நின்றார். வீட்டுக்குத் திரும்பியபோது பாக்கியராஜ் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். மேரிராணிக்கு ஒரு பொட்டலம் நிறைய பன் வாங்கிவந்திருந்தான். காபி குடித்தான். முனிலட்சுமியின் எருமைகளைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் விஷயத்துக்கு வந்தான்.

"இன்னாக்கா முடிவு? பொண்ணு வீட்ல கேட்டுக்கினே இருக்காங்க."

அத்தானை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டு விஷயத்தில் முடிவு என்னுடையது என்று அவனுக்குத் தெரியும். அவர் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

முந்தின நாள் காலையில் நான் சொல்வதாக இருந்தது வேறு. இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு யோசித்ததில் இரண்டு ஊரும் என் முன்னால் வந்து நின்றன. பெங்களூரில் குழாய் இருக்கிறது, கோவில் பக்கம், என் மனிதர்கள் பக்கம். அங்கே போனால் அவருக்குத் தெரிந்த தொழில் பாலிஷ்தான், அதற்குத்தான் போவார். மறுபடியும் சட்டையெல்லாம் அந்த வாசனை ஏறும். நானும் தினமும் மோந்து பார்ப்பேன், அற்புதமேரியைவிட மோசமாக. பார்த்து என்ன? எது சட்டை, எது வாய் என்று எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. குடித்தாலும் சந்தேகம், குடிக்காவிட்டாலும் சந்தேகம். இங்கே கிணறு இருக்கிறது, பாம்பு இருக்கிறது, அந்தப் பாழாய்ப்போன பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் இங்கே அவர் குடிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டி, அங்கே குடித்துவிட்டு, மறுபடியும் பஸ் ஏறி வந்து, மரத்தூள் வாசனை மட்டுமே அடிக்க வேண்டிய ஒரு சட்டையோடு என் முன்னால் நிற்க வேண்டும். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. பெங்களூரில் கடை திறந்த நாளிலிருந்து தெரியாதது, இங்கே ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

"நீயே எடுத்துக்கடா," என்றேன்.

"நெசமாவாக்கா?" அவனுக்குச் சந்தோஷத்தில் குரல் கிறீச்சிட்டது. உடனே அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது, எங்கள் ரத்தம் அப்படி. "நல்லா யோசிச்சுக்க. கல்யாணம் ஆன பொறவு வந்து வீட்டைக் குடுடான்னா என்னால ஆகாது. அந்த வீட்டை வுட்டுட்டு யாராவது இங்க இருப்பாங்களா? அத்தான் எதுனா சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்றேன். சாயபு கிட்ட போயி உன் பேருக்கு மாத்திக்க."

"எதுக்குக்கா இந்த ஊரு?" என்று அவனும் கேட்டான்.

"காத்து நல்லா இருக்குது," என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நம்பவில்லை. நம்பாவிட்டாலும் வீடு கிடைத்துவிட்டதே, மேற்கொண்டு தோண்டவில்லை. மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். மேரிராணி அவனோடு தெருமுனைவரை போனாள்.

அவர் கிணற்றடியிலிருந்து வந்தார். கதவருகே நின்றார், உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாதவர்போல. கண் சிவந்திருந்தது. "இனிமே அந்த பஸ்ஸுப் பக்கமே போவ மாட்டேன் அன்னம். சத்தியம்."

"சத்தியம் பண்ணாதீங்க. இல்லாத நாய்க்கே என்னை சாபம் போட வெச்சவரு நீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போவ மாட்டேன்னு சொல்லாதீங்க. போவீங்க, எனக்குத் தெரியும். போனா, சுவரோரமா ஒதுங்கிப் போவாதீங்க. நேத்து மாதிரி வாயைக் கொப்பளிக்காதீங்க. நேரா வந்து என் கிட்ட நில்லுங்க. அதுக்குத்தான் வீட்டைக் குடுத்தேன்."

"சரி," என்றார்.

அந்தச் சரியை நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். அவர்மேல் இருந்த கோபமும் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து தெருமுனையில் பெங்களூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பாக்கியராஜ் அதில் போய்க்கொண்டிருந்தான். இனி எனக்கு அந்த ஊரில் வீடு கிடையாது.